மேல ஒண்ணு இருக்கு

வாங்கடா வெட்டிப்பயலுகளா, உக்காருங்க. ஆத்துல தண்ணி இல்லன்னாலும் பாலத்து மேல காத்து வருது, கையில டீ இருக்கு, வேலவெட்டி ஒருத்தனுக்கும் இல்ல, ஒரு கதைக்கு இதுக்கு மேல என்ன வேணும். முனீசு, அந்தப் போனக் கீழ வை, உனக்கு மெசேஜ் அனுப்புறது பேங்க்காரன் மட்டுந்தான்னு மானாமதுரைக்கே தெரியும். செந்தட்டி, நீ வாயத் தொறக்காத. பூமராங்குன்னு நான் சொன்னதும் 'அது நம்ம வளரிதான, நம்மகிட்ட இருந்து போனதுதான'ன்னு ஆரம்பிப்ப, உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. நம்ம வளரி போனா போனதுதான்டா, ஆளச் சாச்சிட்டு அங்கயே கெடக்கும், நாமதான் நடந்து போய் எடுக்கணும். நான் சொல்றது எறிஞ்ச கைக்கே திரும்பி வர்ற ரகம். அதுலயும் வராமப் போன ஒண்ணப் பத்தித்தான் சொல்லப்போறேன். நம்பாதவன் டீய வச்சுட்டு எந்திரிச்சுப் போகலாம். பாத்தியா, ஒருத்தனும் எந்திரிக்கல.

என்னையத் தெரியாதவன் இங்க யாரு? மூணு காலேஜுல சேந்து மூணையும் பாதியில விட்டுட்டு, நாலாவதா ஒண்ண விடுறதுக்குன்னே கடல் தாண்டிப் போன காசிராஜன். பந்தியில பீச்சாங்கைய நீட்டி தாய்மாமன்கிட்ட அறை வாங்குனவன், வாத்தியாரு முட்டியிலயே அடிச்சும் எழுதுற கை மாறாதவன், அதே காசிராஜன்தான். மெல்பர்ன்ல அக்கவுண்ட்ஸ் படிக்கிறேன்னு போனவன், ஒரு நாள் காலேஜ் பஸ்ஸுக்குப் பதிலா வேற ஏதோ ஒரு பஸ்ஸுல ஏறி, எறங்க வேண்டிய எடம்னு ஒண்ணு இல்லாததால பஸ்ஸு கடைசியா எங்க நின்னுச்சோ அங்க எறங்குனேன். அந்த ஊருக்குப் பேரு பெப்பர் க்ரீக். ஒரு கோதுமக் குடோனு, ஒரு பேக்கரி, ஒரு பெட்ரோல் பங்க், பங்க்குக்கு எதுத்தாப்புல சுத்தியும் தைலமரம் நிக்கிற ஒரு மைதானம், அம்புட்டுத்தான் ஊரு. பங்க்குல வேல கேட்டேன், குடுத்தாங்க. என் பேர முழுசாச் சொல்ல அவங்க நாக்கு ஒத்துக்கல, காஸுன்னு சுருக்கிட்டாங்க. அவங்க பேசுனது மூக்கால பேசுற இங்கிலீஷு, நான் நம்ம பாஷையிலதான் சொல்லுவேன், அண்ணே அக்காவெல்லாம் நானாச் சேத்துக்கிட்டது, கேள்வி கேக்காதீங்க.

ஒரு ஞாயித்துக்கெழம காலையில பங்க்கு கூரை மேல டமார்னு ஒரு சத்தம். ஏணி போட்டு ஏறிப் பாத்தா, மடக்குன முழங்கை மாதிரி ஒரு மரத்துண்டு, வழுவழுன்னு, பேப்பர் கனத்துக்கு ஓரம் சீவி, றெக்கையில ரப்பர் பேண்டு சுத்தி, நுனியில ஒரு சில்லற நாணயத்த டேப்பு போட்டு ஒட்டியிருக்கு. கீழ ஒரு ஆளு நின்னு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டிருக்காரு, அந்த ரெண்டு கையும் நடுங்குது. பயந்துதான் நடுங்குறாருன்னு நெனச்சு, "பயப்படாதீங்கண்ணே, கூரை எங்க அப்பன் வீட்டுது இல்ல"ன்னேன். அவரு சிரிச்சாரு. அவருதான் டிரெவர். ஸ்கூல் பஸ் ஓட்டுனவரு, கை நடுக்க நோய் வந்து லைசன்ஸ் போனவரு, அம்பது வயசு தாண்டல. ஒட்டுப்பலகையில பூமராங் செய்யிறதுல அந்தச் சுத்துவட்டாரத்துலயே அவருக்கு நிகரா ஆளு கெடையாது.

மைதானத்துல ஒரு கூட்டமே இருந்துச்சுடா. ஞாயித்துக்கெழமையானா வந்துருவாங்க. ஒருத்தரு உப்புத்தாள வச்சு றெக்கையத் தேச்சுக்கிட்டிருப்பாரு, ஒருத்தரு மைக்ரோவேவுல மரத்தச் சூடு பண்ணி லேசா வளைச்சு விட்டுக்கிட்டிருப்பாரு, ஒருத்தி ஒரு பிடி புல்லப் பிடுங்கிக் காத்துல தூவிட்டு அது எந்தப் பக்கம் சாயுதுன்னு ஜோசியக்காரி மாதிரி பாத்துக்கிட்டிருப்பா. எறிவாங்க, அது போகும், தைலமரத்த ஒரசுற மாதிரி ஒடிச்சுத் திரும்பும், வந்து மொகத்துக்கு முன்னாடி மெதக்கும், ரெண்டு உள்ளங்கையையும் மேலயும் கீழயுமா வச்சு, கொசு அடிக்கிற மாதிரி ஒரு தட்டு, பிடிச்சாச்சு. நானும் எறிஞ்சேன். எனக்கு வந்தது இந்த இடது கை, அவங்ககிட்ட இருந்ததெல்லாம் வலது கைக்குச் செஞ்ச மரம், இடது கைக்கு அப்படியே தலகீழாச் சீவணும். அதனால நான் எறிஞ்சது ஒண்ணுகூடத் திரும்பி வரல. ஒண்ணு பேக்கரி ஜன்னலுக்குள்ள போச்சு, ஒண்ணு இன்னும் போய்க்கிட்டிருக்குன்னு நெனைக்கிறேன். "உனக்கொண்ணு செஞ்சு தர்றேன்டா காஸ், கை சொன்னபடி கேட்டா"ன்னு டிரெவர் அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அந்தக் கூட்டத்துக்கு அதிகாரி மேவிஸ் ஆன்ட்டி. அந்த மண்ணோட பூர்வகுடி, அங்க அவங்க ஆளுங்கள்ல பெரியவங்கள மரியாதையா ஆன்ட்டின்னுதான் கூப்பிடணும். பள்ளிக்கூட ஆபீஸ்ல வேல, கொரலு மட்டும் கோயில் ஸ்பீக்கரு. யாரு எறிஞ்சாலும் "மேல ஒண்ணு இருக்கு!"ன்னு கத்துவாங்க. அப்படிக் கத்துனா மைதானத்துல இருக்கிற ஒருத்தனும் அதுக்கு முதுகு காட்டக்கூடாது, அதுதான் அங்க மொத விதி. காட்டுனா பொடனியில வந்து அடிக்கும். அது கீழ வர்ற வரைக்கும் பேசலாம், தின்னலாம், சண்டகூடப் போடலாம், திரும்ப மட்டும் கூடாது. எங்க ஊர் வளரியப் பத்தி நான் ஆன்ட்டிகிட்டச் சொன்னேன். "வேட்டைக்கு எறியிற எங்களுதும் திரும்பி வராதுடா. கறி வேணும்னா நடந்துதான் போகணும். உங்க ஆளுகளும் நடந்துருக்காங்களா, சந்தோசம்"னு சொல்லிட்டு என் தட்டுல இருந்த சாசேஜ எடுத்துத் தின்னுட்டாங்க.

இதெல்லாம் முன்னுர. இனிமேத்தான் கத.

போட்டியிலயே கஷ்டமானது ஒண்ணு இருக்கு. எவன் எறிஞ்சது ரொம்ப நேரம் மேல நிக்குதோ அவன் கெலிப்பான். ஆனா எறிஞ்சவன்தான் பிடிக்கணும், வேற ஆளு கை பட்டாலும் போச்சு, தரையில விழுந்தாலும் போச்சு, நேரம் செல்லாது. டிரெவர் அண்ணன் எறிஞ்சா மத்தவங்க எறிஞ்சதெல்லாம் வீடு போய்ச் சேந்து சாப்பிட்டுத் தூங்குன பெறகும் அவருது மேல நிக்கும். ஆனா அவரு பிடிச்சதில்ல. வாழ்க்கையில ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட இல்ல. வெயிலு கண்ணுல அடிச்சுச்சு, நாயி குறுக்க வந்துச்சு, மூக்குக்கண்ணாடி நழுவிருச்சு, இப்படி ஒவ்வொரு வருசமும் ஒண்ணு. இப்ப கையி. இந்தக் கோடையோட நிறுத்திக்கிறேன்னு சாசேஜ் அடுப்பு பக்கத்துல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. "ஒண்ணே ஒண்ணு பிடிச்சிட்டுப் போறேன்"னாரு. எல்லாரும் தட்டப் பாத்துக்கிட்டாங்க. எறியவும் வராத, பிடிக்கவும் வராத, வாய மூடவும் வராத எனக்கு ஆன்ட்டி ஸ்டாப்வாட்ச்சக் குடுத்து, "நீ நேரம் பாரு"ன்னாங்க.

அவரு எறிஞ்சாரு. எறியிறப்ப மட்டும் அந்தக் கை நடுங்காதுடா, தொட்டில்ல பிள்ளையப் போடுற கை மாதிரி அப்படி ஒரு நிதானம். நான் வாட்ச்ச அமுக்குனேன். அது போச்சு, தைலமரத்துக்கு மேல போச்சு, ரோஸ் கலர் கிளிக்கூட்டத்துக்கு மேல போச்சு, வெயில்ல சூடான காத்து அத உள்ளங்கையில வாங்குன மாதிரி வாங்கி, ஒசக்க வச்சு, சுத்தி, சுத்தி, சுத்திக்கிட்டே நின்னுச்சு. நாங்க அண்ணாந்து நின்னோம். அடுப்புல சாசேஜ் கருகுச்சு. நெழலு நீண்டுச்சு. கிளியெல்லாம் மரத்துல அடஞ்சிருச்சு. அது மேலயே சுத்துது.

"என்ன ஆன்ட்டி பண்றது?"ன்னேன்.

"என்ன பண்றது, மேல ஒண்ணு இருக்கு, முதுகு காட்டாமப் போங்க"ன்னாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் அத்தன பேரும் மொகத்த அது பக்கமே வச்சு, பின்னாடியே நடந்து போய் காருல ஏறுனாங்க. மறுநாள் காலையில பங்க்கத் தொறந்தேன், அது சுத்துது. அதுக்கு மறுநாளும் சுத்துது. அதுக்கப்புறம் ஏன் சுத்துதுன்னு ஒருத்தரும் கேக்கல, மழை வந்தா கொடை எடுக்கிற மாதிரி ஊரு தன் பாட்டுக்கு ஒரு வழி பண்ணிக்கிருச்சு. அந்த மைதானத்தத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகணும், அதனால பிள்ளைங்க பையத் தூக்கிக்கிட்டு வரிசையா பின்னாடியே நடந்துச்சுங்க, ஆரம்பத்துல விழுந்துச்சுங்க, பெறகு பின்னாடியே ஓடப் பழகிருச்சுங்க. தபால்காரரு சைக்கிளத் தள்ளிக்கிட்டே பின்னாடி போனாரு. குளிர்காலத்துல ஃபுட்பால் வந்தப்ப ரெண்டு டீமும் நண்டு மாதிரி பக்கவாட்டுலயே ஓடி ஆடுனாங்க, வெளியூர் டீமுக்குப் பழக்கமில்லாததால பெப்பர் க்ரீக் சரித்திரத்துலயே மொதத் தடவையா தொடர்ந்து ஜெயிச்சுச்சு. பேக்கரிக்காரரு ரொட்டிய மடக்கிச் சுட ஆரம்பிச்சாரு. கல்யாணம் பண்ணுன ஒரு சோடி சர்ச்சுல இருந்து நேரா மைதானத்துக்கு வந்து, ரெண்டு பேரும் கை கோத்துக்கிட்டு அண்ணாந்தபடியே பின்னாடி நடந்தாங்க, முன்னாடி என்ன இருக்குன்னு எந்தக் கல்யாணத்துலதான் தெரியுதுன்னு நான் சொன்னேன், ஒருத்தரும் சிரிக்கல, அவ்வளவு அழகா இருந்துச்சு.

கவுன்சில்ல இருந்து டை கட்டுன ஒரு ஆளு வந்தாரு. அனுமதி இல்லாம ஒரு பொருள் ஆகாயத்துல நிக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே திரும்பி நின்னு போன் பண்ணப் போனாரு, பேக்கரிக்கார அம்மா அவரு தோளப் பிடிச்சுத் திருப்பி நிப்பாட்டுச்சு. கொஞ்ச நேரம் அண்ணாந்து பாத்தாரு. டைய லூஸ் பண்ணுனாரு. புல்லுல உக்காந்தாரு. அப்புறம் படுத்துட்டாரு. அடுத்த வாரம் அவரே வந்து ஒரு போர்டு நட்டாரு: 'மேல ஒண்ணு இருக்கு. முதுகு காட்டாதீங்க.'

டிவிக்காரங்க வந்து ஆன்ட்டிகிட்ட மைக்க நீட்டி, "உங்க மூதாதையரு இதப் பத்தி என்ன சொல்லியிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. "எங்க மூதாதையரு சொன்னத உங்ககிட்டச் சொல்றதா இருந்தா நான் எப்பவோ சொல்லியிருப்பேன். இது டிரெவர் அவன் வீட்டு ஷெட்டுல ஒட்டுப்பலகையில செஞ்சது. போய் அவன்கிட்டக் கேளு, அப்படியே பின்னாடி நடந்து போ"ன்னாங்க.

அந்தச் சத்தத்தச் சொல்லணும்டா உங்களுக்கு. லோ வோல்டேஜுல நம்ம வீட்டு ஃபேனு சுத்துமே, ஊஊம்னு, அடிச்சும் அடிக்காம, அந்தச் சத்தம். ராத்திரியும் பகலும் ஊரு மேல அது இருந்துச்சு. அண்ணாந்தே இருந்தா கழுத்து வலிக்கும், மல்லாக்கப் படுத்துட்டா விதியும் மீறாது, வலியும் இல்லன்னு யாரோ கண்டுபிடிச்சாங்க, அதுல இருந்து மத்தியானம் ஆனா ஊரே புல்லுல மல்லாக்கக் கெடக்கும். அதப் பாத்துக்கிட்டே கண்ணு சொக்கும். கடிகார முள்ளு போற பக்கமாவே அது சுத்தும், கூடவே ரெண்டு கிளி சுத்தும், வெயிலு ஏறும், எறங்கும். தூக்க மாத்திர போட்டாலும் தூங்காதவங்க வெளியூர்ல இருந்து போர்வையோட வந்தாங்க. லாரிக்காரங்க வண்டிய ஓரங்கட்டிட்டு வந்து படுத்தாங்க. மழை பேஞ்சா அதுக்கு நேர் கீழ ஒரு மொறத்து அகலத்துக்குக் காஞ்சே இருக்கும், அந்த எடத்துல கைக்குழந்தையப் படுக்கப் போடுவாங்க. அந்த நாட்டுக்குப் போனதுல இருந்து ஒழுங்காத் தூங்காத நான், வாட்ச்ச நெஞ்சு மேல வச்சுக்கிட்டு எங்க வீட்டு மாடியில படுத்த மாதிரி தூங்குனேன்.

தூங்காதது டிரெவர் அண்ணன் மட்டுந்தான். ஒரு கித்தான் சேரப் போட்டு, மைதானத்துக்கு மேற்கால உக்காந்திருப்பாரு. எறிஞ்சவன்தான் பிடிக்கணும், அது எப்ப வேணா எறங்கலாம், அதனால எந்திரிக்க மாட்டாரு. அதுதான்டா கொடும. அது மேல நிக்க நிக்க உலகத்துலயே ஒருத்தரும் நெனைக்காத சாதன ஏறிக்கிட்டே போகுது, கீழ அதப் பிடிக்க வேண்டிய கை நாளுக்கு நாள் கெட்டுக்கிட்டே போகுது. ப்ரொன்வின் அக்கா, அவரு சம்சாரம், கப்புல பாதிதான் டீ ஊத்திக் குடுக்கும், அதுலயும் பாதி சட்டையில இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருந்தாங்க, மருந்த மாத்தணும், ரெண்டு வாரம் தங்கணும். போக மாட்டேன்னுட்டாரு. நான் போற நேரம் அது எறங்குனா என்ன பண்றதுன்னாரு.

"வாழ்க்கையில என்னைய இப்படி உக்காந்து பாத்ததில்ல காஸ் இந்த மனுசன்"னு அக்கா ஒரு நாள் பங்க்குல பெட்ரோலு அடிக்கையில சொல்லுச்சு. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு, ஆனா பம்ப்ப விடாம அமுக்கி, பெட்ரோலு வழிஞ்சு செருப்பெல்லாம் நனஞ்சுருச்சு. "துப்பாக்கி எடுத்துச் சுட்டுத் தள்ளிரலாம்னு இருக்குடா. அது விழுந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாரு. அவரு பிடிக்காம விழுந்தா, அங்க வந்து என்னத்துக்கு?"

சாயங்காலம் நான் அவருக்கு ரொட்டிய எறிவேன். அவரு தட்டிப் பிடிச்சுப் பழகுவாரு. நம்ம தோசைக்கல்லு அகல ரொட்டிடா, அதுவே கை நடுவுல நழுவி விழும். கிளிங்க வந்து பொறுக்கித் தின்னும். அந்த வருசம் பெப்பர் க்ரீக் கிளியெல்லாம் கோழி சைஸுக்கு ஆயிருச்சு.

"காஸ், அது வரும்போது இந்தக் கை என் பேச்சக் கேக்குமாடா?"

"அண்ணே, என் கை பொறந்ததுல இருந்து ஒருத்தர் பேச்சும் கேட்டதில்ல. நான் சோறு திங்காமயா இருக்கேன்?"

சிரிப்பாரு. சிரிச்சா ஒடம்பு முழுக்க நடுங்கும், கை எது ஆளு எதுன்னே தெரியாது, அந்த நேரம் மட்டும் பாக்க நல்லா இருக்கும்.

அப்ப ஒரு மத்தியானம். நல்ல குளிர்கால வெயிலு, கம்பளி மாதிரி மேல கெடக்கு. ஊரே தூங்குது. கவுன்சில்காரரு தூங்குறாரு, பேக்கரிக்காரங்க தூங்குறாங்க, அன்னைக்குன்னு பாத்து மேவிஸ் ஆன்ட்டியும் தொப்பிய மூஞ்சியில கவுத்திட்டுத் தூங்கிட்டாங்க, கடைசியா டிரெவர் அண்ணனுக்கே கண்ணு மூடி, தல ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. ஒரு மூச்சு விடுற நேரம் அந்தச் சத்தம் நின்னுச்சுன்னு பின்னால சில பேரு சொன்னாங்க. ஃபேனு நின்னா தூக்கத்துலயே புரண்டு படுப்பமே, அந்த மாதிரி எல்லாரும் ஒரு தடவ புரண்டாங்க, ஒரு குழந்த சிணுங்குச்சு, அப்புறம் பழையபடி ஊஊம். எல்லாரும் எந்திரிச்சுப் பாத்தா, அது மேலதான் சுத்துது. ஆனா எதிர்ப்பக்கமாச் சுத்துது.

கடிகாரம் போற பக்கம் போய்க்கிட்டிருந்தது இப்ப கடிகாரத்துக்கு எதுக்க போகுது. ஊரு இதுக்கும் ஒரு வழி பண்ணுச்சு. நம்ம ஊர்ல மார்கழியில சூரியன் திரும்புற மாதிரி அந்த ஊர்லயும் திரும்புற நேரம், அதுதான் காரணம்னு பள்ளிக்கூட டீச்சர் சொன்னாங்க. நாம அத்தன பேரும் பின்னாடியே நடந்ததுல அதுவும் பின்னாடி போகப் பழகிருச்சுன்னு பேக்கரிக்காரரு சொன்னாரு. காலம் திரும்பிப் போகுதுன்னு சொல்லி, முடி கொட்டுன ஒரு லாரி டிரைவரு தெனமும் கண்ணாடியில மண்டையத் தடவிப் பாத்துக்கிட்டிருந்தாரு. மேவிஸ் ஆன்ட்டி "வாட்ச்சு ஓடுதாடா?"ன்னு மட்டும் கேட்டாங்க. ஓடுதுன்னேன். ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

டிரெவர் அண்ணன் ரொம்ப நேரம் பாத்தாரு. பாத்துட்டு எந்திரிச்சாரு, அந்தக் கித்தான் சேர மடக்குனாரு, மடக்கவே கொஞ்ச நேரமாச்சு, அதத் தூக்கிக்கிட்டு, முதுகு காட்டாம, மைதானத்துக்குக் கிழக்கால போய்ப் போட்டு உக்காந்தாரு. நெழலுக்குப் போறாருன்னு எல்லாரும் நெனச்சாங்க. கிழக்கால நெழலே கெடையாதுடா.

அப்புறம் நம்ம வேல மரத்துக்குச் சொந்தமான வாட்டில் மரமெல்லாம் மஞ்சளாப் பூத்துச்சு. அந்தப் பூத்தூளு காத்துல பறந்தா ஊரே தும்மும். அதனால அந்த ஞாயித்துக்கெழம ஒருத்தரும் தூங்கல, மல்லாக்கக் கெடந்து மாத்தி மாத்தித் தும்முறோம். அப்ப ஆன்ட்டி எந்திரிச்சு, தும்முன மூக்கோட, அந்தக் கொரலுல கத்துனாங்க: "வருது!"

வந்துச்சு. அவசரமே இல்லாம, மாடிப்படி எறங்குற மாதிரி, ஒரு சுத்துக்கு ஒரு படியா எறங்குச்சு. கிளி ரெண்டும் கூடவே எறங்குச்சு. சத்தம் பெருசாச்சு, நெஞ்சுக்கூட்டுக்குள்ள கேக்குற அளவுக்குப் பெருசாச்சு. மேற்கால போகல. நேரா கிழக்க, அந்தக் கித்தான் சேருக்கு மேல. டிரெவர் அண்ணன் எந்திரிச்சு நின்னு ரெண்டு கையையும் விரிச்சாரு. அந்தக் கை ஆடுச்சுடா, அரச மரத்துல எல ஆடுமே அந்த ஆட்டம். ப்ரொன்வின் அக்கா என் மணிக்கட்டப் பிடிச்ச பிடியில எனக்கு ரத்தமே ஓடல. ஒருத்தரும் கிட்டப் போகல, போகக்கூடாது. அது அவரு மொகத்துக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. நின்னு நடுங்குச்சு. மரமும் நடுங்குது, கையும் நடுங்குது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு காத்திருக்கிற மாதிரி கொஞ்ச நேரம். டப்புனு ஒரு தட்டு.

சத்தம் நின்னுபோச்சு. ஊர்ல இருக்கிற அத்தன ஃப்ரிட்ஜு ஓடுற சத்தமும் கேட்டுச்சு. அவரு கைக்குள்ள அது இருந்துச்சு. கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு, ஆனா அது விழல.

ஒருத்தரும் கை தட்டல. தும்முனாங்க, அழுதாங்க, ரெண்டும் கலந்து ஒரு சத்தம். மேவிஸ் ஆன்ட்டி கண்ணத் தொடச்சிட்டு என் பக்கம் கைய நீட்டி, "காஸ், நேரம் என்ன?"ன்னாங்க. ஊரே என்னையப் பாக்குது. உலகத்துக்கே சொல்ல வேண்டிய நேரம் என் கையில இருக்கு. நான் வாட்ச்ச உள்ளங்கையில மூடிக்கிட்டேன்.

டிரெவர் அண்ணன் குறுக்க வந்தாரு. "நேரம் வேணாம் மேவிஸ்"னாரு. "பிடிச்சேன்னு மட்டும் போடு."

"பைத்தியமாடா நீ? இத்தன மாசம்—"

"பிடிச்சேன்ல? அது போதும். நேரம் வேணாம்."

எவ்வளவு தங்கமான மனுசன்னு அத்தன பேரும் உருகிப் போனாங்க. அக்கா காரக் கொண்டாந்து நிப்பாட்டிருச்சு, பெட்டி முன்னாடியே டிக்கியில இருந்துச்சு, எத்தன மாசமா இருந்துச்சோ. அவரு காருல ஏறுறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து அந்தப் பூமராங்க நீட்டுனாரு. பெரியவங்க குடுக்கிறதாச்சேன்னு நான் சோத்தாங்கைய நீட்டுனேன். அவரு அதத் தள்ளி விட்டாரு. என் பீச்சாங்கைய எடுத்து, உள்ளங்கையத் தொறந்து, அதுல வச்சு, விரல மடக்கி விட்டுட்டுப் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில புது மருந்து கொஞ்சம் கேக்குதாம், கப்புல முக்கா அளவு டீ ஊத்துதாம் அக்கா. அன்னைக்கு ஊரு மொத்தமும் மொதத் தடவையா மைதானத்துக்கு முதுகு காட்டி முன்னாடி நடந்து வீட்டுக்குப் போச்சு. பாதிப்பேரு பழக்கம் விட்டுப்போய்க் கீழ விழுந்தாங்க.

சரி. மிச்சத்தையும் சொல்லிர்றேன், முனீசு, நீ சிரிச்சன்னா பாலத்துல இருந்து தள்ளிருவேன்.

அந்த மத்தியானம் ஊரே தூங்குனப்ப நான் தூங்கல. அந்த ஊரையும் விட்டுட்டுப் போகப் போறேன், பை தோள்ல இருக்கு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல, வாட்ச்ச ஆன்ட்டி தொப்பிக்குப் பக்கத்துல வச்சிட்டேன். பஸ் நிக்கிற எடத்துக்கு மைதானத்தத் தாண்டணும். போறவனுக்கு என்ன விதி, ஆனா காலு பழகிருச்சு, பின்னாடியேதான் நடந்தேன். அதனாலதான் பாத்தேன். அது எறங்குது. தூங்குற டிரெவர் அண்ணன் மடிக்கு நேரா எறங்குது. கத்துனா அவரு முழிச்சு, எந்திரிச்சு, கைய விரிக்கிறதுக்குள்ள தரையில கெடக்கும். நான் கத்தல. ஓடுனேன். தட்டுனேன். பிடிச்சிட்டேன்டா, என் வாழ்க்கையில நான் பிடிச்ச ஒரே ஒண்ணு அதுதான். கைக்குள்ள கோழிக்குஞ்சு மாதிரி சூடா இருந்துச்சு. அவரு எறிஞ்சது அதோட முடிஞ்சுபோச்சு, வேற கை பட்டாச்சு, செல்லாது. சத்தம் நின்னுருச்சு, ஊரு புரளுது, குழந்த சிணுங்குது, ஆன்ட்டி தொப்பி அசையுது. யோசிக்கிறதுக்கு நேரம் இல்ல.

திரும்ப எறிஞ்சிட்டேன். இந்தப் பீச்சாங்கையாலதான், அது எதிர்ப்பக்கமாச் சுத்த ஆரம்பிச்சுச்சு. வாட்ச்ச எடுத்துப் பழையபடி நெஞ்சுல வச்சுக்கிட்டு, பையத் தலைக்கு வச்சு மல்லாக்கப் படுத்து, தூங்குற மாதிரி நடிச்சேன். பஸ்ஸு வந்து நின்னுட்டுப் போற சத்தம் கேட்டுச்சு.

அவரு பிடிச்சது அவரு எறிஞ்சதில்ல. நான் எறிஞ்சது.